ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத மாமியார்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். தீபாவளி கழிந்ததும் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் உம்லாங்காவில் வசதியாக வாழ்கிறவர்கள். எங்கள் வீட்டில் பாத்ரூம் எல்லாம் மாடியில்தான். படிக்கு அடியில் 1 மீட்டருக்கு 1.6 மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது. அதில் விருந்தாளிகளுக்கு ஒரு பவுடர் ரூம், அதாவது டாய்லெட்டும் பேசினும் மட்டும் உள்ள சின்ன அறை, கட்டப் போகிறேன். பளபளக்கும் கறுப்பு டைல்ஸ், மேடைமேல் வைக்கிற கிண்ண பேசின், தங்க நிறக் குழாய், ஒரு சுவரில் வாழையிலை வால்பேப்பர் என்று ஆசை. கணவர் செலவைச் சொல்லி முகம் சுளிக்கிறார். கீழே முன்னறையில் இருக்கும் மாமியாரால் தொந்தரவு இல்லை. 78 வயது, இதே டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வளர்ந்தவர், ஆறு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், அப்படி ஒரு கட்டுப்பாடு. சின்ன இடத்தை ஸ்டைலாகக் காட்ட என்ன செய்யலாம்?

பதில்: வால்பேப்பரை அப்புறம் பார்ப்போம். ‘ஆறு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அதைக் கட்டுப்பாடு என்கிறீர்கள். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில், ராத்திரி பதினொரு மணிக்கும் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊரில், 78 வயது மனுஷிக்குத் தாகம் எடுக்காதா? அவர் கட்டில் கீழே, கழிப்பறை மேலே. நடுவில் எத்தனை படி என்று நீங்கள் எழுதவில்லை. அவரைக் கேளுங்கள், எண்ணி வைத்திருப்பார்.

கேட்டோ மேனர் என்றும் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வீடுகள் தெரியும். பலகையும் தகரமும். எங்களுக்குக் கழிப்பிடம் வெளியே, கொல்லைக் கோடியில். இருட்டிவிட்டால் பெண்கள் அங்கே போகப் பயப்படுவார்கள். அதனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் அம்மா சொம்பைக் கவிழ்த்துவிடுவாள். நாங்கள் கேட்டாலும் ஒரு வாய்தான், தொண்டை நனைகிற அளவுக்கு. பிறகு, இந்த இனத்தார் இங்கேதான் குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி 1960களில் எங்களையெல்லாம் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பினார்கள். அங்கே சொம்பு நிமிர்ந்தது. உங்கள் மாமியார் மட்டும் உங்கள் வீட்டில் இன்னும் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அன்று இருட்டுக்குப் பயந்தவர் இன்று எதற்குப் பயப்படுகிறார்? படிக்கு மட்டும்தானா? நடு ராத்திரியில் படியில் விளக்குப் போட்டால் மருமகள் தூக்கம் கெடும் என்ற எண்ணமும் இருக்கும் என்றே எனக்குப் படுகிறது. தொந்தரவே இல்லாத கிழவி என்று நமக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று பாருங்கள்.

வயது ஏற ஏறத் தாகம் தெரிவதே குறையும். அதோடு தண்ணீரையும் நிறுத்தினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காலையில் எழுந்ததும் தலைசுற்றல். ஒரு ராத்திரி அடக்க முடியாமல் தூக்கக் கலக்கத்தில் படியேறி விழுந்தால் இடுப்பெலும்பு போகும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அது வேறு கதை. அப்படி இருந்தால் அதைத்தானே எழுதியிருப்பீர்கள்?

உங்கள் கணவரையும் விட மாட்டேன். பெற்ற தாய் கீழே தாகத்தோடு படுத்திருக்க, அவர் டைல்ஸ் விலைக்கு முகம் சுளிக்கிறாராம். இந்த அறையைக் கட்டச் சொல்லி முதலில் வாய் திறந்திருக்க வேண்டியவர் அவர்.

பவுடர் ரூம் என்றதும் எனக்கு என்ன ஞாபகம் வருகிறது தெரியுமா? 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் பொய்முடிக்கு மாவு தூவிக்கொள்ள வீட்டில் சின்னதாக ஓர் அறை வைத்திருந்தார்கள். அந்தப் பவுடருக்கு 1795இல் ஆண்டுக்கு ஒரு கினி வரியே போட்டார்கள். அவர்கள் தலைக்கு மாவு தூவட்டும், நமக்கு வேறு வேலை இருக்கிறது.

அறையைக் கட்டுங்கள். மாமியாருக்காகக் கட்டுங்கள், விருந்தாளிகளும் போய்வரட்டும். கிண்ண பேசின் வேண்டாம். வயதானவர்கள் எழும்போது எதைப் பிடிப்பார்கள் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். இடது கை முழங்காலில், வலது கை பேசின் விளிம்பில், மொத்த உடம்பும் அந்த ஒரு கையில். உங்கள் கிண்ணம் மேடையில் சிலிக்கான் பசையில் உட்கார்ந்திருக்கும், அது அந்தப் பாரத்தைத் தாங்காது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய சின்ன பேசின் வையுங்கள். அது போதாது, டாய்லெட் பக்கச் சுவரில் தனியாக ஒரு கைப்பிடி வேண்டும். டாய்லெட்டின் பின்பக்கம் படியின் தாழ்ந்த பக்கம் போகட்டும், உட்காரத் தலைக்கு மேல் அவ்வளவு இடம் போதும். எழுந்து நிற்கிற இடத்தில்தான் உயரம் வேண்டும். இருக்கை 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, தாழ்வாக இருந்தால் முழங்கால் எழ விடாது. கதவு வெளியே திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே விழுந்தவர் மேல் இடித்துக்கொண்டு நிற்கிற கதவை யாரும் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பினால் திறக்கிற வகையாக இருக்கட்டும். வாசலில் ஒரு விரல் உயரப் படிகூட வேண்டாம்.

கறுப்பு டைல்ஸ் தரைக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், மங்கிய கண்ணுக்குப் பள்ளம் மாதிரி தெரியும். சொரசொரப்பான, வெளிர் நிறமில்லாத சாம்பலில் போடுங்கள், வெள்ளை டாய்லெட் அதில் எடுப்பாகத் தெரியும். கறுப்பு ஆசை அடங்காவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுவர் போதும்.

வாழையிலை வால்பேப்பர் போடலாம். ஷவர் இல்லாத அறை, ஆவி கிடையாது. ஆனால் ஜன்னலும் கிடையாது, கடலோரக் காற்றின் ஈரமே போதும் பசை விட. காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளுகிற விசிறி கட்டாயம். படிக்கு அடியிலேயே ஊதிவிடுகிற விசிறியைச் சிலர் மாட்டுவார்கள், அது விசிறியே இல்லை. ஆள் நுழைந்ததும் தானாக எரியும் பேட்டரி விளக்கு ஒன்றும் வையுங்கள், கரண்ட் போகிற ராத்திரிக்கு ஆகும். தங்கக் குழாய் தாராளமாக. நெம்புகோல் மாதிரி தட்டித் திறக்கிறதாக வாங்குங்கள், வாதம் பிடித்த விரலால் உருண்டைக் குமிழைத் திருக முடியாது.

புதுக் கழிவுக் குழாய் இழுப்பதால் டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியில் பிளான் அனுமதி வாங்க வேண்டும். ‘அதெல்லாம் எதுக்கு, நிச்சயத்துக்கு முன்னால முடிச்சுத் தர்றேன்’ என்கிறவர் வந்தால் அனுப்பிவிடுங்கள். நாள் தள்ளினால் தள்ளட்டும்.

சுவரில் கைப்பிடியைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைப்பார்கள். அது அவர்களுக்குக் குறைவாகப் பட்டால், அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கலாமா என்று நீங்கள் யோசியுங்கள்.

கட்டி முடிய மாதங்கள் ஆகும். அதுவரை, மருத்துவச் சாமான் விற்கிற கடையில் கமோட் நாற்காலி ஒன்று வாங்கி, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் திரை கட்டி வையுங்கள். காலையில் அதைக் கழுவுகிற வேலை அவர் பிள்ளையுடையது. இன்றைக்கு எட்டு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு முன்னறைக்குப் போங்கள். வேண்டாம் என்பார். அவர் குடித்து முடிக்கும் வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழாய் தங்க நிறமா வெள்ளி நிறமா என்று அவரிடமே கேளுங்கள்.