ரூயிஸ் ஹிமெனெஸ்: பிளவு 1956-இல் அல்ல

ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் அமைச்சராக இருந்த ரூயிஸ் ஹிமெனெஸ் பின்னாளில் எப்படி எதிரணிக்குப் போனார் என்று புரியாமல் உங்கள் கட்டுரை இரண்டு துண்டாக நிற்கிறது என்கிறீர்கள். 1956 பதவி நீக்கத்தைத் திருப்புமுனையாக வைத்ததுதான் சிக்கல் என்று தோன்றுகிறது.

கொஞ்சம் முன்னால் போங்கள். ஹோவாகின் ரூயிஸ் ஹிமெனெஸ் 1948-இல் வத்திக்கானுக்கான தூதர், 1951-இல் கல்வி அமைச்சர். வந்ததும் லயின் என்ட்ரால்கோவை மாத்ரித் பல்கலைக்கழகத்துக்கும், அந்தோனியோ தொவாரைச் சலமங்கா பல்கலைக்கழகத்துக்கும் ரெக்டராக, அதாவது தலைவராக, ஆக்கினார். இருவருமே ஃபலாங்கே என்ற பாசிசக் கட்சியின் பழைய ஆட்கள்! ஆனாலும் பல்கலைக்கழகங்களில் ஜன்னல் கொஞ்சம் திறந்தது. இந்தப் பகுதியை விரிவாக எழுதுங்கள். சர்வாதிகாரத்தை உள்ளிருந்தே தளர்த்தலாம் என்று அவர் நம்பிய காலம் இது. 1953 இடைநிலைக் கல்விச் சட்டம் ஒரு பத்தி போதும்.

அப்புறம் 1956 பிப்ரவரி. மாத்ரித்தில் மாணவர் கலவரம், ஒரு ஃபலாங்கே இளைஞன் மீது துப்பாக்கிச் சூடு. பிராங்கோ ரூயிஸ் ஹிமெனெஸையும் ஃபலாங்கே பொதுச் செயலாளர் பெர்னாண்டஸ் குவெஸ்தாவையும் சேர்த்தே நீக்கினார். ஆகவே 'தாராளவாதியைத் தண்டித்தார்' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

ரூயிஸ் ஹிமெனெஸ் உடனே ஆட்சிக்கு எதிரியாகிவிடவில்லை. 1963-இல் அவர் தொடங்கிய 'குவாதெர்னோஸ் பாரா எல் தியாலோகோ' இதழ், கத்தோலிக்கத் திருச்சபையில் சீர்திருத்தம் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தாக்கம், 1973-இல் தொழிற்சங்கத் தலைவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியது என்று மெல்ல நகர்ந்தார். 1982-இல் ஸ்பெயினின் முதல் மக்கள் குறைதீர்ப்பாளரும் ஆனார்.

ஒன்று மட்டும்: அமைச்சராக இருந்த ஐந்து வருடத்துக்கான பொறுப்பைப் பிற்காலப் புகழால் பூசி மறைத்துவிடாதீர்கள்.