சந்தனக் கன்றில் துளை: பூச்சியின் பெயருக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஆனேக்கல் அருகே அரை ஏக்கரில் நான்கு வயதுச் சந்தனக் கன்றுகள் நிற்கின்றன. துணைச்செடியாக அகத்தி, வேலியோரம் கொய்யா. சில சந்தனக் கிளைகள் வாடி, லேசான காற்றுக்கே ஒடிகின்றன. அடியில் சிவந்த உருண்டைகள் கிடக்கின்றன. அகத்தித் தண்டிலும் துளை இருக்கிறது. கொய்யாப் பட்டையின் மேல் நூலாம்படை போல ஏதோ படர்ந்திருக்கிறது. செல்பேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டால் மூன்றுக்கும் ‘கார்ப்பென்டர் மாத், காசிடே குடும்பம்’ என்றே வருகிறது. தோட்ட ஆலோசகர் ஒருவரோ, மூன்றும் வேறு வேறு பூச்சிகள், மூன்று மருந்து வேண்டும், ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். முதலில் இனத்தைச் சரியாகக் கண்டறிய வேண்டாமா? இந்தப் புழு வீட்டுத் தேக்குக் கதவுக்கும் வந்துவிடுமா?

பதில்: கதவைப் பற்றிய கவலையை விடுங்கள். காசிடே என்பது மரத்தையும் தண்டையும் குடையும் அந்துப்பூச்சிகளின் குடும்பம். இந்தக் குடும்பத்துப் புழுக்களுக்கு உயிருள்ள மரம் வேண்டும். காய்ந்து, இழைத்து, வார்னிஷ் பூசிய பலகையைத் தேடி வந்து தாய்ப்பூச்சி முட்டையிடுவதில்லை. கதவிலிருந்து மாவு போலப் பொடி கொட்டினால் அது வண்டின் வேலை. சுவரோரம் மண் பூச்சு ஏறினால் கரையான். கேரளத்துத் தேக்குத் தோட்டங்களில் நிற்கும் மரத்தைக் குடைகிற காசிடே இனம் ஒன்று உண்டு என்பது உண்மைதான். அந்தச் செய்தியைக் காட்டிக் கதவுக்கு மருந்து அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி, பெயர். செயலி சொன்னது தவறில்லை. ஆனால் அது சொன்னதில் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. முகவரியில் ‘பெங்களூரு’ என்று மட்டும் எழுதி அனுப்பிய தபால் மாதிரிதான் அது. 2011-ல் வெளியான உலகப் பட்டியலில் காசிடே குடும்பத்துக்கு 151 பேரினங்களும் 971 இனங்களும் கணக்கிடப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் யூகலிப்டஸ் மரத்துக்குள் வளரும் ஒன்று, உலகின் மிகக் கனமான அந்துப்பூச்சி; பெண் பூச்சி 30 கிராம் வரை எடை இருக்கும். அதே நாட்டின் பழங்குடியினர் வேரிலிருந்து தோண்டி எடுத்து, பச்சையாகவோ சுட்டோ தின்னும் பெயர்பெற்ற புழுவும் இந்தக் குடும்பந்தான். மெக்சிகோவில் கற்றாழையைக் குடையும் சிவப்புப் புழுவைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், மதுப் புட்டியிலும் போடுகிறார்கள். ஐரோப்பாவில் ஓர் இனத்தின் புழு மரத்துக்குள் மூன்று, நான்கு ஆண்டுகள் கிடக்கும். ஆட்டுக் கிடாயின் வாடை அடிக்கும். இத்தனை பேதம் இருந்தும் ஒரு பொதுக்குணம் உண்டு. வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்கிற வாய் கிடையாது. அது எதையும் தின்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் சில நாள் பறந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். மரத்தைத் தின்பதெல்லாம் புழுதான், அதுவும் மரத்துக்குள் ஒளிந்துகொண்டு. இலை மேல் தெளிக்கிற எந்த மருந்தும் பெரும்பாலும் வீணாவது இதனால்தான்.

உங்கள் ஆலோசகர் சொன்னதில் பாதி சரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பூச்சிகள் மூன்றுதான். மூன்று மருந்து என்பதுதான் அவருடைய வியாபாரம்.

சந்தனத்தில் இருப்பது காப்பிச் செடியின் சிவப்புத் துளைப்பான். அறிவியல் பெயர் சியூசெரா காஃபியே. இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்பவர் 1861-ல் விவரித்துப் பெயரிட்டது. காப்பியோடு நில்லாமல் தேயிலை, சந்தனம் என்று பல மரங்களில் கை வைக்கும். வெள்ளை இறகில் கருநீலப் புள்ளிகள் தெளித்த அழகான பூச்சி. புழு சிவப்பாக இருக்கும். இளந்தண்டில் நுழைந்து நடுவில் குடைந்துகொண்டே போய், இடையிடையே துளையிட்டுப் புழுக்கைகளை வெளியே தள்ளும். நீங்கள் பார்த்த சிவந்த உருண்டைகள் அவைதான். அகத்தியில் இருப்பது அசைகோஃபிளெப்ஸ் ஸ்கேலாரிஸ், அகத்தித் தண்டுத் துளைப்பான். இரண்டும் காசிடேயின் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை, பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியமும் ஒன்றே.

கொய்யாவில் இருப்பதுதான் தகராறு. அது பட்டை தின்னும் புழு, இண்டர்பெலா குவாட்ரினோடேட்டா. வகைப்பாட்டாளர்கள் சிலர் இதைக் காசிடேக்குள் ஒரு துணைக்குடும்பமாக வைப்பார்கள். சிலர் மெட்டார்பெலிடே என்று தனிக் குடும்பமாகப் பிரிப்பார்கள். நான் மேலே சொன்ன 2011 பட்டியல் பிரித்துத்தான் எண்ணுகிறது. பழைய வேளாண்மைப் புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு குடும்பப் பெயர் இருக்கும், பேரினப் பெயரின் எழுத்தும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஆக, ஒரே புழுவுக்கு மூன்று குடும்பம், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஏமாற்று நுழைவது இந்தச் சந்து வழியாகத்தான். ‘இது காசிடே இல்லை, வேறு குடும்பம், அதற்குத் தனி மருந்து’ என்று ஒருவர் ஒரு புத்தகத்தைக் காட்டுவார்; அடுத்தவர் வேறு புத்தகத்தைக் காட்டி, இதுவும் காசிடேதான், சந்தனத்து மருந்தையே இதற்கும் வாங்குங்கள் என்பார். இரண்டு புத்தகமும் பொய்யில்லை. ஆனால் குடும்பத்தை மாற்றி எழுதியதால் புழு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. சந்தனத்துப் புழு உள்ளே இருந்தபடியே கட்டையைத் தின்கிறது. கொய்யாப் புழு பகலில் குட்டையான ஒரு பொந்துக்குள் பதுங்கியிருந்து, இரவில் வெளியே வந்து, தான் பின்னிய நூலும் புழுக்கையும் கலந்த கூரைக்கு அடியில் பட்டையைச் சுரண்டித் தின்கிறது. உங்களுக்கு வேண்டிய வகைப்பாடு இவ்வளவுதான்: உள்ளே தின்பதா, வெளியே வந்து தின்பதா.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். துளை எல்லாம் அந்துப்பூச்சியின் துளை அல்ல. நீள்கொம்பு வண்டுகளும் மரத்தைக் குடையும். அடையாளம் எளிது. அந்துப்பூச்சி வெளியேறும்போது கூட்டுப்புழுவின் காலித் தோல் பாதி உள்ளே, பாதி வெளியே துளை வாயில் நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டு அப்படி எதையும் விட்டுச்செல்லாது. புழு கையில் கிடைத்தால் தலைக்குப் பின்னால் பாருங்கள்: மூன்று ஜோடிக் கால்கள் தெளிவாகத் தெரிந்தால் அந்துப்பூச்சிப் புழு, கால் இருக்கிற சுவடே தெரியாமல் கொழுத்து வெளுத்திருந்தால் நீள்கொம்பு வண்டின் புழு. இதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. சந்தனத்தில் வாடிய கிளையைத் துளைக்கு நேராக வெட்டாதீர்கள். புழு அதற்குள் கீழே இறங்கியிருக்கும். நடுவில் குடைவு இல்லாத நல்ல கட்டை தெரியும்வரை சிறிது சிறிதாகக் கீழே வந்து வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். வெட்டியதை அன்றே எரித்துவிடுங்கள். வேலியோரம் குவித்துவைத்தால் முதிர்ந்த புழு அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிப் பூச்சியாகப் பறந்துவிடும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றில் அடுத்த மரத்துக்குப் போகும். அடித்தண்டிலேயே துளை இருந்தால் வெட்ட முடியாது. அங்கே புது புழுக்கை எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, நுனியை வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி இழுங்கள். பிறகு எல்லாத் துளைகளையும் களிமண்ணால் அடையுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். அடைத்த மண்ணைத் தள்ளிப் புழுக்கை வந்திருந்தால் மறுபடி கம்பி. துளை விழுந்த அகத்தியை அடியோடு பிடுங்கி எரியுங்கள், இரக்கம் வேண்டாம். சந்தனத்தின் வேர் மற்ற செடியின் வேரை உறிஞ்சித்தான் வாழ்கிறது என்பதால் அந்த இடத்தில் உடனே துவரை போட்டுவிடுங்கள்.

கொய்யாவுக்கு இதைவிடச் சுலபம். நூலாம்படையைத் துடைப்பத்தால் வழித்தெடுங்கள். அடியில், பெரும்பாலும் கிளை பிரியும் கவட்டில், பொந்து தெரியும். அதே கம்பி, அதே களிமண். கோடை மழையை ஒட்டி முட்டையிடுகிற பூச்சி இது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. மழைக்காலம் முடியும்போது கூரை நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், அப்போது ஒரு சுற்று வந்துவிட்டால் அந்த ஆண்டுக்குப் பெரும்பாலும் போதும்.

ஒப்பந்தக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கம்பிக்கும் களிமண்ணுக்கும் ரசீது போட முடியாதே.

அவர்கள் கொண்டுவருவது வேறு. ஒன்று, துளைக்குள் செருகுகிற மாத்திரை. இது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டவுடன் நச்சு வாயு வரும். மனிதர் உடலுக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது. சட்டப்படி பொதுமக்களுக்கு இதை விற்கவே கூடாது. ‘நான் போட்டுவிடுகிறேன், மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது கையில் கொடுத்தால், அவர் உங்கள் வீட்டு அலமாரியில் சாவை வைத்துவிட்டுப் போகிறார். இன்னொன்று, பஞ்சில் நனைத்துச் செருகுகிற டைக்ளோர்வாஸ். 2018-ல் வந்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பட்டை தின்னும் புழுவுக்கு அதைச் சிபாரிசு செய்யும் பழைய கையேடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. தடை போட ஒரு கையெழுத்து போதும். கையேட்டில் ஒரு வரியை அடிக்க மட்டும் ஆளில்லை. எதை வாங்கினாலும் புட்டியின் மேல் பயிரின் பெயரும் பூச்சியின் பெயரும் அச்சிட்டிருக்கிறதா, விற்றவர் உரிம எண்ணோடு ரசீது தருகிறாரா என்று பாருங்கள். 1968-ம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பெயர் ஒட்டாத வெள்ளைப் புட்டியில் ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்றால் தொடவே வேண்டாம்.

விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். இனக்கவர்ச்சிப் பொறி, பெண் பூச்சியின் வாடையைக் காட்டி ஆண் பூச்சியை மட்டும் பிடிப்பது. எந்த இனத்துக்கு என்று பெயர் போடாமல் ‘துளைப்பான்களுக்கு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் இனத்தின் பெயரை வற்புறுத்திக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாது.

அரசு அலுவலகத்துக்குப் போகலாமே என்பீர்கள். போங்கள். ஆனால் சந்தனம் என்றால் ஓர் அலுவலகம், கொய்யா என்றால் வேறோர் அலுவலகம், அகத்தி என்றால் இரண்டு பேரும் மூன்றாவது இடத்தைக் காட்டுவார்கள். பூச்சி அரை ஏக்கருக்குள் குடும்பமாகக் குடியிருக்கிறது. அதை விசாரிக்க நீங்கள் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். பெங்களூரிலேயே, மல்லேஸ்வரத்தில், மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது; சந்தனத்தைப் பற்றி நெடுங்காலமாக ஆய்வு செய்பவர்கள். மேலே சொன்ன கம்பி வைத்தியத்துக்குப் பிறகும் கன்றுகள் சாய்ந்துகொண்டிருந்தால் நேராக அங்கே கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். புழுவை ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியிலும், துளையோடு வெட்டிய கட்டைத் துண்டை ஒரு காகிதத்திலும், காலித் தோல் கிடைத்தால் அதைத் தனியாகவும் எடுத்துப் போங்கள். செல்பேசிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் நிபுணர் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ‘புழு விழுந்த சந்தனத்தில் இனி வைரம் பாயாது, இருக்கிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள், நாங்களே இரவோடு இரவாக வெட்டி எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஒரு தரகர் வருவார். நான்கு வயதுக் கன்றில் வைரம், அதாவது மணமுள்ள நடுக்கட்டை, இப்போதே இருக்காது, அதைப் பார்க்க இன்னும் பல ஆண்டு பொறுக்க வேண்டும். கிளையில் விழுந்த துளையால் அந்த வாய்ப்பு போய்விடுவதும் இல்லை. கர்நாடகத்தில் வனச் சட்டத்தின் 2001-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உங்கள் நிலத்துச் சந்தனத்துக்கு நீங்கள்தான் உடைமையாளர். ஆனால் வெட்டவும் வண்டியில் ஏற்றவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வெட்டினால் தரகர் கட்டையோடு போய்விடுவார், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும். அப்படி ஒருவர் வந்தால் அவருடைய வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, வேலியைப் பலப்படுத்துங்கள்.