கட்டாயம் காட்டுகிறேன் என்பவரை நம்பலாமா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். கருப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் ஈப்பிடிப்பான் பறவையை மகளுக்குக் காட்ட ஆசை. மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் கட்டாயம் காட்டுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எப்படிக் காட்டுவார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அதன் குரலை மொபைலில் ஒலிக்கவிடுவார். பறவை வரும்தான், தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டதென்று சண்டைக்கு வரும். மே மாதம் அது குஞ்சு பொரிக்கும் காலம். பெரணியிலோ குட்டை மூங்கிலிலோ, தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் உருண்டையாய்க் கூடு, இரண்டு முட்டை. அதையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

இத்தனைக்கும் இது வலசை போகாத பறவை, பணம் கொடுக்காமல் நீங்களே தேடிப் பார்க்கலாம். நீலகிரி, பழனி மலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே உண்டு. 1,500 மீட்டருக்கு மேலே, ஈரமான சோலைக்காடும் சருகும் அடர்புதரும் உள்ள இடத்தில் தேடுங்கள். அண்ணாந்து பார்க்க வேண்டாம். இடுப்பு உயரத்துக்குக் கீழே பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கும். சருகில் பூச்சி அசைந்தால் இறங்கி எடுத்துக்கொண்டு ஏறிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தலையும் இறக்கையும் கருப்பாக இருப்பது ஆணுக்குத்தான். பெண்ணுக்குத் தலை பழுப்பு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், உடல் ஆரஞ்சு. கருப்பு இல்லையே, இது வேறு பறவை என்று திரும்பிவிடுகிறார்கள். அதுவும் இதேதான். மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அப்புறம் இந்த இ-பாஸ். 2024 மே முதல் ஊட்டிக்கு வண்டியில் போக அது வேண்டும். அது ஊருக்கான பாஸ், காட்டுக்கானது அல்ல. "பாஸ் இருக்குல்ல, வாங்க" என்று சோலைக்குள் கூட்டிப்போகிற ஆட்கள் இருக்கிறார்கள். மாட்டினால் வழக்கு உங்கள் மேலும்தான். எங்கே போகலாம், யாரிடம் கேட்பது என்று தெளிவாக ஒரு பலகை எழுதி வைக்க நம் அலுவலகங்களுக்கு என்ன கஷ்டமோ! ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டுவார்கள். இடைத்தரகர் பிழைப்பதே அந்த இரண்டு மேசைக்கு நடுவில்தான்.

கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போவதானால் முந்தைய நாளே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். அலைய நேரமில்லை என்றால் தொட்டபெட்டா பக்கம், சோலை சாலையைத் தொடும் இடத்தில் விடிந்ததும் போய்ச் சும்மா நில்லுங்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.