மாதவிலக்குத் தேதிக்கு முந்தைய நாட்களில் மட்டும் சுகர் ஏறுவது

மாதவிலக்குக்கு முன்பு சுகர் ஏறுகிறதே, பேனா ஊசியில் உள்ள இன்சுலின் கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வாய்ப்பு குறைவு. சாப்பாடும் ஊசியும் மாறாமல், தேதிக்கு நாலைந்து நாள் முன்பு வெறும் வயிற்றில் 190, உதிரப்போக்கு தொடங்கியதும் 120 என்கிறீர்கள். கெட்ட மருந்து தானாகச் சரியாகாது.

கருமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கூடும். அந்த நாட்களில் பலருக்கு உடல் இன்சுலினுக்கு அவ்வளவாக மசியாது. இனிப்பு மேல் ஆசை வேறு வரும், அதையும் கணக்கில் சேருங்கள்!

சுகர் எழுதும் நோட்டில் மாதவிலக்குத் தேதியைச் சிவப்பில் வட்டமிடுங்கள். இரண்டு மூன்று மாதம் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நாட்களில் ஏறினால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். இரவு ஊசியை அந்த நாட்களுக்கு மட்டும் கூட்டலாமா, எத்தனை யூனிட் என்று அவர் சொல்லட்டும்.

கூட்டினால், உதிரப்போக்கு தொடங்கியதும் பழைய அளவுக்கு எப்போது திரும்புவது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பாமல் விட்டால் விடிகாலையில் வியர்த்து, கை நடுங்கி லோ சுகர் வரலாம்.

அப்புறம், 250-க்கு மேல் போய் வாந்தியும் இருந்தால் இது மாதவிலக்கு சமாச்சாரம் என்று விடாதீர்கள். உடனே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.