கொழும்பு ஃபிளாட் உள்வேலையை டேர்ன்கீயாக ஒரே கம்பனியிடம் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம், பேன்ட்ரி கபட் (குசினி அலுமாரி), சீலிங், அலுமாரி, லைட், திரைச்சீலை எல்லாவற்றையும் டேர்ன்கீயாக, அதாவது பொருளும் கூலியும் சேர்த்து முழுதாக முடித்துத் தரச் சொல்லி, ஒரே கம்பனியிடம் கொடுப்பதா, பாஸ்மாரை (வேலைக்காரத் தச்சர், கரண்ட்காரர் போன்றவர்களை) தனித்தனியாகப் பிடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே இருப்பவர் என்றால் இதற்குள் மொறட்டுவைக்குப் போய் இரண்டு பட்டறையில் விலை கேட்டிருப்பார்.

வெளிநாடு என்றால் டேர்ன்கீயாகவே கொடுங்கள். டேர்ன்கீக்காரர் எல்லாம் கள்ளர் என்று சிலர் எழுதுவார்கள், நான் எந்தக் கம்பனிக்கும் ஏஜென்ட் இல்லை, ஆனாலும் அது சரியில்லை. மரவேலை பாஸ், கரண்ட் பாஸ், சீலிங் போடுபவர், பெயின்ட் பாஸ் நாலு பேரையும் வரிசை தப்பாமல் ஒரே சைட்டுக்குக் கொண்டுவருவதே தனி உத்தியோகம். ஒருவர் பிந்தினால் மற்றவர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார், பிறகு அவரைப் பிடிக்க வெசாக் முடிய வேண்டும். ரொறன்ரோவில் இருந்து வாட்ஸ்அப்பில் செய்கிற காரியம் இல்லை அது.

ஆனால் கம்பனி பொறுப்பெடுப்பது பிஓகியூவில், அதாவது என்ன பொருள், எவ்வளவு அளவு, என்ன விலை என்று வரிவரியாக எழுதிய பட்டியலில், இருப்பதை மட்டும்தான். அதில் இல்லாததைப் பிறகு கேட்டால் 'எக்ஸ்ட்ரா' என்று தனி பில் வரும்.

என் அக்காவின் ஃபிளாட் மரைன் டிரைவ் பக்கம், கடற்காற்று நேரே குசினிக்குள் வரும். 2023 கடைசியில் வேலை தொடங்க வந்த கொட்டேசனில் 'பேன்ட்ரி கபட், முழுவதும்' என்று ஒரே வரி, பக்கத்தில் பெரிய தொகை. என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர், என்ன பிணைச்சல், ஒன்றும் இல்லை. நான் கையெழுத்துப் போட விடவில்லை. "எல்லாரும் உப்பிடித்தான் குடுக்கினம், நீ ஏன் சும்மா இழுக்கிறாய்" என்று அத்தான் கனடாவில் இருந்து கத்தினார். கத்தட்டும். சிங்குக்குக் கீழே 18 மில்லிமீற்றர் மரைன் பிளை (ஈரத்தைத் தாங்கும் அடுக்குப் பலகை), மற்ற இடமெல்லாம் மெலமைன் ஒட்டிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை), பிணைச்சல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வரிவரியாக எழுதி வாங்கிய பிறகுதான் முற்பணம் போனது. மரச் சிராய்த்தூளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டின் வெட்டிய விளிம்பில் தண்ணீர் ஏறினால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. சாதாரண நிக்கல் பூச்சுப் பிணைச்சல் கடல் உப்பில் துருப்பிடித்துவிடும்.

கபட் பூட்டி முடிந்ததும் சிங்குக்குக் கீழ்க் கதவின் பிணைச்சலைக் கழற்றச் சொன்னேன். சைட் சுப்பர்வைசர் பெடியன் சிரித்தான், "அண்ணை, வெளியில எல்லாம் ஒரே கலர்தானே." வெளியில் ஒரே கலர்தான். ஆனால் அந்தப் பிணைச்சலின் கிண்ணம் உட்காருவதற்கு 35 மில்லிமீற்றர் வட்டத்தில் ஒரு குழி வெட்டுவார்கள், அது பலகைக்குள் பாதிக்கு மேல் இறங்கும், அதன் உள்சுவரில் பலகை என்ன சாதி என்று தெரிந்துவிடும். பிளை என்றால் அடுக்கு அடுக்காகக் கோடு இருக்கும். நான் நகத்தால் சுரண்டியபோது பொலபொலவென்று சிராய்த்தூள்தான் கொட்டியது. படம் எடுத்து, பிஓகியூவில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். பட்டறையில் மாறிவிட்டது என்றார்கள். சரி, மாறியதாகவே இருக்கட்டும், அடுத்த தவணைக் காசு எங்கள் கையில் இருந்ததால் கதைக்காமல் மாற்றித் தந்தார்கள். முழுக் காசையும் கட்டியிருந்தால் அந்தப் படத்தை நான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்க வேண்டியதுதான்.

அதனால் தவணையை வேலையோடு கட்டுங்கள், திகதியோடு கட்டாதீர்கள். பலகை வந்து இறங்கினால் இவ்வளவு, பூட்டினால் இவ்வளவு, கடைசி 5 வீதம் ஆறு மாதம் கழித்து. கம்பனிப் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது, பலகையும் பிணைச்சலும் இறக்குமதி, நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டபாடு சொல்லி முடியாது. எங்கள் வேலையின் நடுவில், 2024 ஜனவரியில், வற் (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 18 வீதமானது. அத்தான் அதையும் கம்பனியின் களவு என்றார். இல்லை, கொட்டேசனில் 'வற் தனி' என்று தெளிவாக இருந்தது, அரசாங்கம் கூட்டினால் அவர்கள் என்ன செய்வது? அறுபது லட்ச ரூபாய் வேலைக்கு மூன்று வீதம் கூடினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம், அப்படிக் கூடினால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள், கம்பனியின் வற் பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதை எழுதினால் சொந்தக்காரருக்குக் கோபம் வரும், வரட்டும். கொழும்பில் இருக்கிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று வெளிநாட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. காணி உறுதிப் பிரதியா, பிறப்புச் சான்றிதழா, விமான நிலையத்தில் ஏற்றி இறக்கவா, தம்பி இருக்கிறான். நான் லீவு போட்டுக் காலி வீதி நெரிசலில் கிடந்து பார்த்த வேலையை, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில் இரண்டு இரவு தங்கிய அத்தான், டைல்ஸ் நிறம் கொஞ்சம் மங்கலாம் என்றார். நிறத்தைத் தேர்ந்தது அவர்தான், வாட்ஸ்அப்பில் இன்னும் கிடக்கிறது. தேநீரும் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே உங்கள் தம்பியையோ மச்சானையோ நம்பி இருக்காமல், கம்பனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கியூஎஸ்ஸுக்கு (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் நிபுணருக்கு) காசு கொடுத்து, ஒவ்வொரு தவணைக்கும் முன் சைட்டைப் பார்க்க வையுங்கள். கட்டடத்து முகாமைத்துவ அலுவலகத்தில் வேலை நேரம், லிஃப்ட், குப்பை ஏற்றுவது, வைப்புப்பணம் பற்றிய விதிகளை எழுத்தில் வாங்கிக் கொட்டேசனுக்கு முன்பே கம்பனியிடம் கொடுங்கள், பிறகு பிந்தினால் அதைத்தான் காரணம் சொல்வார்கள். பிஓகியூ கைக்கு வந்தால் பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், எந்த வரி மொட்டையாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.