தேய்க்காதீர்கள், இழுக்காதீர்கள்: எலும்பு, மூட்டு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைகளின் கை பற்றியவை. மீதி பெரும்பாலும் முழங்கால். ஒரு வேண்டுகோள், ஏற்கெனவே பலமுறை வைத்ததுதான்: வயதை எழுதுங்கள். "கை உடைந்துவிட்டது, என்ன செய்யலாம்?" என்று ஒரு வரி அனுப்பினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? மூன்று வயதுக் கைக்குச் சொல்வது முப்பது வயதுக் கைக்குப் பொருந்தாது.

என் இரண்டு வயது மகளைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். அதிலிருந்து அந்தக் கையை அசைக்கவே மாட்டேன் என்கிறாள். வீக்கம் இல்லை. எலும்பு முறிவா?

அநேகமாக இல்லை. முழங்கையில் ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு) தலையைச் சுற்றியிருக்கும் வளையத் தசைநார் நழுவி மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முதல் நான்கு வயது வரை இது மிகச் சாதாரணம். பழகிய மருத்துவர் கையை ஒரு திருப்புத் திருப்பினால் சரியாகிவிடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் குழந்தை பொம்மையை எடுக்கக் கை நீட்டும். கட்டு தேவையில்லை. நான்கில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம். அதனால் இனி அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள். குழந்தை கீழே விழுந்திருந்தாலோ வீக்கம் இருந்தாலோ மட்டும் முதலில் எக்ஸ்ரே. அதற்கு முன் யாரும் கையைத் திருப்பக் கூடாது.

ஐந்து வயது மகனுக்கு முழங்கை முறிவு. நேற்று மாவுக்கட்டு போட்டார்கள். இரவெல்லாம் அழுகை. வலி மருந்து கேட்கவில்லை. விரலைத் தொட்டாலே கத்துகிறான். நாளை காட்டினால் போதுமா?

போதாது. இந்தக் கடிதத்துக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பியாயிற்று. மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். கட்டுப் போட்டபின் வலி குறைய வேண்டும். கூடினால், அதிலும் விரல்களை மெல்ல நிமிர்த்தும்போது உயிர்போகிற வலி வந்தால், உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். ஆறு மணி நேரத்துக்கு மேல் இது நீடித்தால் தசை சாகத் தொடங்கும். பிறகு அது சுருங்கி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய அறுவை நிபுணர் 1881இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். இன்னும் நடக்கிறது.

நாடி துடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள், துடித்துக்கொண்டிருக்கும்போதே தசை செத்துவிடும். எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போய், கட்டையும் உள்ளிருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை பிரிக்கச் சொல்லுங்கள். கட்டுப் போட்ட முதல் இரண்டு நாள் விரல் நுனியைப் பாருங்கள்: நிறம், சூடு, அசைவு.

ஆறு வயது மகனுக்கு முழங்கைக்கு மேலே முறிவு, இடது கை. கம்பி செருகிக் கட்டுப் போட்டு, நான்கு வாரத்தில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கை முழுதாக நீளவில்லை, மடங்கவும் இல்லை. தினமும் எண்ணெய் போட்டு நீவி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீட்டுகிறோம். பத்து நாளாயிற்று, முன்னைவிட இறுகிவிட்டது போலிருக்கிறது.

இன்றே நிறுத்துங்கள். மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. முறிவைச் சரியாகச் சேர்த்து, கம்பி வைத்து, எல்லாம் நன்றாக முடிந்த கையை, வீட்டில் பாசத்தோடு உட்கார்ந்து கெடுக்கிறார்கள்.

ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் நீட்டிய கையை ஊன்றி விழுந்தால், புஜ எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே மெலிந்திருக்கும் இடத்தில் முறியும். குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் இதுதான் அதிகம். மூன்று, நான்கு வாரத்தில் சேர்ந்துவிடும். கட்டைப் பிரித்ததும் மூட்டு இறுகித்தான் இருக்கும், எல்லாக் குழந்தைக்கும். குழந்தை தானாகக் கையைப் பயன்படுத்தத் தொடங்கினால் ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பகுதி அசைவு வந்துவிடும். கடைசிச் சில பாகை வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இதற்கு எந்த வித்தையும் தேவையில்லை.

நீங்கள் இழுக்கும்போது என்ன நடக்கிறது? வலிக்குப் பயந்து குழந்தை தசையை இறுக்குகிறது. இறுகிய தசையை இழுத்தால் உள்ளே நார்கள் கிழிந்து ரத்தம் கசிகிறது. மூட்டு இன்னும் வீங்கி இன்னும் இறுகுகிறது. இப்படியே போனால் முழங்கைக்கு முன்னால் உள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். அப்புறம் கை நிஜமாகவே மடங்காது. அந்த எலும்பை அவசரப்பட்டு வெட்டி எடுக்கவும் முடியாது. அது முதிர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நீவுவது மட்டுமல்ல. கை நீள வேண்டும் என்று கனமான வாளியைத் தூக்கி நிற்க வைப்பதும் இதே தவறுதான். வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்புகிற என் சக மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. யார் அசைக்க வேண்டும், எவ்வளவு என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா? நல்ல பிசியோதெரபிஸ்ட் குழந்தையின் முழங்கையை இழுக்கவே மாட்டார். விளையாட்டுக் காட்டி அதையே அசைக்க வைப்பார்.

செய்ய வேண்டியது இதுதான்: பந்து எறியட்டும், தண்ணீரில் அளையட்டும், சட்டையைத் தானே மாட்டிக்கொள்ளட்டும். அசைக்க வேண்டியது குழந்தை, நீங்கள் அல்ல. மரத்திலும் கம்பியிலும் ஏறித் தொங்குவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள். உங்கள் மகனுக்கு அசைவு குறைந்துகொண்டே போவதால் இந்த வாரமே காட்டி, ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மற்றவர்கள், இரண்டு மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, முழங்கைக்கு முன்னால் கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, விரல் மரத்தாலோ போனால் போதும்.

மகளுக்கு 9 வயது. மணிக்கட்டு எலும்பு சற்று வளைந்தே சேர்ந்திருக்கிறது. "வளர வளர நேராகிவிடும்" என்கிறார் மருத்துவர். அலட்சியமா?

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். ஆரை எலும்பின் வளர்ச்சியில் முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்க வளர்ச்சித் தட்டிலிருந்து வருகிறது. அதனால் அங்கே மேல்கீழாக உள்ள சிறு வளைவு ஓரிரு ஆண்டில் நேராகிவிடும்.

அப்படியானால் என் மகனின் முழங்கை வளைவும் சரியாகுமா? முறிவு சேர்ந்து ஒரு வருடம். கை உட்பக்கமாக வளைந்து நிற்கிறது. (வயது எழுதவில்லை. வழக்கம்போல.)

ஆகாது. புஜ எலும்பின் வளர்ச்சியில் முழங்கைப் பக்கத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். பக்கவாட்டு வளைவு அங்கே திருந்தாது. பெரும்பாலும் பார்வைக்குத்தான் குறை, வேலைக்குத் தடையில்லை. உறுத்தினால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை உண்டு. நீவி நேராக்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முழங்கையின் வெளிப்பக்கத்தில் 'சின்ன விரிசல்' என்று கட்டுப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எதற்கு?

அந்த முறிவு நழுவும் என்பதால். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெரும்பாலும் கம்பி வைக்க வேண்டிவரும். விட்டுவிட்டால் சேராமலே நின்று, பல ஆண்டு கழித்துக் கை வெளிப்பக்கம் வளைந்து சுண்டுவிரல் மரத்துப்போகும். எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். காலை ஊன்ற மறுக்கிறான். விழுந்திருப்பானோ?

விழுந்தானா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். காய்ச்சலும் ஊன்ற மறுப்பதும் சேர்ந்து வந்தால் மூட்டில் சீழ் இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். நாள் கடத்தினால் குருத்தெலும்பு கரைந்துபோகும்.

முழங்காலை மடக்கினால் சொடக்குச் சத்தம். வலி இல்லை.

வலியும் வீக்கமும் இல்லையென்றால் சத்தத்தை மறந்துவிடுங்கள்.

முழங்கால் எக்ஸ்ரேயைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். என்ன செய்யலாம்?

படம் சாய்வாக, விளக்கு வெளிச்சத்தோடு வந்திருக்கிறது. நின்றபடி எடுத்ததா, படுத்தபடியா என்றும் தெரியவில்லை. நான் எக்ஸ்ரேக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. படத்தில் பயங்கரத் தேய்மானம் இருந்தும் மாடிப்படி ஏறுகிறவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் நடக்க முடியாதவர்கள் உண்டு. எங்கே, எப்போது வலிக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எடை என்ன என்று எழுதுங்கள்.

பொதுவாகச் சொல்வதானால்: முன்தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். எடையைக் குறையுங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையும். தேய்மானத்துக்காக மட்டும் துளைவழி மூட்டைக் கழுவிவிடுவதால் பலன் இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும், ஆனால் மூன்று மாத இடைவெளிக்குள் மறுபடி வேண்டாம்.

செயற்கை முழங்கால் பத்து வருடம்தான் வருமாமே?

பழைய கணக்கு. பத்தில் எட்டு, 25 ஆண்டு தாங்குகின்றன.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் கொடுத்தார்கள். வலி குறையாததால் நானே தினமும் போட்டுக்கொள்கிறேன். வாயில் புண் வருகிறது.

அதை உடனே நிறுத்திவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். அந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. அது வேலை செய்யவே ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அளவை நீங்களாக மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் எதற்கு?

கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கியது. ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வீக்கம்) இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சர்க்கரை நோய் உண்டு. வயது 52. தோள்பட்டை இறுகிக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. நீங்கள்தான் இழுக்கக் கூடாது என்று எழுதுகிறீர்களே, அசைக்காமல் வைத்திருக்கிறேன்.

கடவுளே! நான் எழுதியது குழந்தையின் முறிந்த முழங்கை பற்றி. உங்களுக்கு வந்திருப்பது உறைந்த தோள்பட்டை. இதற்குத் தினமும் நீட்டல் பயிற்சி வேண்டும், பொறுக்கக்கூடிய வலி வரை, நீங்களே செய்வது. மற்றவரை விட்டு முறுக்க வேண்டாம். ஒன்று முதல் மூன்று வருடத்தில் பெரும்பாலும் விடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்; தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அளந்து பாருங்கள்.

கட்டுக்குள் அரிக்கிறது என்று மகள் பென்சிலை விட்டுச் சொறிகிறாள்.

பென்சிலைப் பிடுங்குங்கள். உள்ளே கீறினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும், வெளியே தெரியாது. கட்டின் மேல் தட்டலாம், குளிர்ந்த காற்றை ஊதலாம். நாற்றமோ ஈரமோ இருந்தால் கட்டை மாற்ற வேண்டும். அரிப்புக்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.