விடுதியில் தங்கிப் படிக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலில் எங்கே வாக்களிப்பது?

கேள்வி: துறையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, கோவையில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. இன்னும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. ஊரில் சேர்ப்பதா, கோவையில் சேர்ப்பதா? உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: தனி விண்ணப்பம் தேவையில்லை. உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. ஆணையங்கள் இரண்டானாலும், சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்தே உள்ளாட்சிக்கான பட்டியலைத் தயாரிக்கிறார்கள். ஆகவே புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ ஒருமுறை முறையாகக் கொடுத்துவிட்டால் மூன்று தேர்தல்களுக்கும் அதுவே போதும். உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தாம் பெரும்பாலும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

எங்கே சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அங்கீகரிக்கப்பட்ட, ஓராண்டுக்குக் குறையாத படிப்பில் இருக்கும் மாணவர், பெற்றோர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பெயர் சேர்க்கலாம் என்று தேர்தல் ஆணையத்தின் விதிமுறை சொல்கிறது. விடுதி முகவரி என்றால் கல்லூரி முதல்வரிடம் போனஃபைடு சான்றிதழ் வாங்கிப் படிவத்துடன் இணைக்க வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

முடிவெடுக்குமுன் ஒன்றை யோசியுங்கள். கோவை மாநகராட்சித் தேர்தலில் உங்களுக்கு ஒரே வாக்கு, அது வார்டு கவுன்சிலருக்கு. மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரிலோ உங்கள் கையில் நான்கு வாக்குச் சீட்டுகள் கொடுப்பார்கள்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். இதைவிட முக்கியமானது கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. பெயரைக் கோவையில் சேர்த்தால், மே 1-ஆம் தேதியோ ஆகஸ்ட் 15-ஆம் தேதியோ ஊரில் கிராம சபை கூடும்போது, குடிநீர்த் தொட்டி பற்றியும் ஊராட்சிக் கணக்கு பற்றியும் உறுப்பினராக எழுந்து கேட்கும் உரிமை உங்களுக்கு இராது. விடுமுறைக்கெல்லாம் ஊருக்குப் போகிறவர், வீட்டார் அங்கேயே வாழ்கிறவர் என்றால் பெயரை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. மாணவர்களுக்கு அஞ்சல் வாக்கு கிடையாது என்பதால், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவே பேருந்து ஏற வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து முடிவெடுங்கள். மாறாக, படிப்பு முடிந்து கோவையிலேயே வேலை, குடியிருப்பு என்ற எண்ணம் உறுதியாக இருந்தால், அங்கே சேர்ப்பதில் தவறொன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம் சார்பில் வாக்காளர் சேர்ப்பு முகாம் நடத்தவிருக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (உதவிப் பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: முகாமைவிட முகாமுக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில்தான் கவனம் வேண்டும். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு கல்லூரியில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாணவிகள் வரிசையில் நின்று படிவம் நிரப்பினார்கள், புகைப்படம் ஒட்டினோம், கட்டுக்கட்டாக ஒப்படைத்தோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்ப்புக்கு வந்த நாளில் பருவத் தேர்வு விடுமுறை. விடுதி வாசலில் இருந்த காவலாளி, "உள்ளே யாரும் இல்லைங்க" என்று உண்மையைத்தான் சொன்னார். அந்த மாணவிகளில் பலரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஆகவே விடுதிக் காப்பாளரிடம் விண்ணப்பித்தவர்களின் பட்டியலைக் கொடுத்து வையுங்கள். அலுவலரின் கைபேசி எண்ணை வாங்கி, மாணவர்கள் இருக்கும் நாளாகப் பார்த்து அவரை அழையுங்கள்.

அடுத்து, எல்லோர் கையிலும் படிவம் 6-ஐத் திணிக்காதீர்கள். அது முதன்முறை சேர்பவர்களுக்கு மட்டும் உரியது. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்து, விடுதி முகவரிக்கு மாற விரும்புகிறவர் கொடுக்க வேண்டியது படிவம் 8. முகாம் மேசையில் உட்காரும் தொண்டர் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் பெயர் எங்காவது ஏற்கெனவே இருக்கிறதா?" என்பதைத்தான். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே போதும். அதில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் எழுதப்படுகின்றனவா என்று உடனிருந்து பாருங்கள். பின்னால் திருத்தம் கேட்டு அலைவது மாணவர்கள்தாம். இணையத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும் குறிப்பு எண்ணை அவர்களே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

முதலாம் ஆண்டு மாணவர்களை வயது நிரம்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என, 18 வயது நிரம்பியதா என்று கணக்கிடும் நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். முகாமைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. உங்கள் மாணவர்களில் பலர் அந்த ஊராட்சிகளிலிருந்து வருபவர்களாக இருப்பார்கள். அதைச் சொல்லிக் கேட்டால் அவர்கள் அக்கறையோடு படிவம் நிரப்புவார்கள்.

கேள்வி: என்னிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்? (முதுகலை மாணவர், சென்னை)

பதில்: பட்டியலைப் பார்க்க வேண்டும். அட்டை பையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது நீங்கள் விடுதியில் இருந்து, வீட்டிலும் யாரும் உங்களுக்கான படிவத்தைக் கொடுக்காமல் விட்டிருந்தால், பெயர் விடுபட்டிருக்கக்கூடும். அட்டை எண்ணைக் கொண்டு voters.eci.gov.in தளத்திலோ, 1950 என்ற எண்ணை அழைத்தோ இன்றே சரிபாருங்கள். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பான் அட்டை ஆகியவற்றில் ஒன்றைக் காட்டலாம். கல்லூரி அடையாள அட்டை அந்த வரிசையில் இல்லை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போய்விடாதீர்கள்.